மாற்றிய நாக்ஸ் சென்சார் மறுபடியும் போகிறதா? அடுத்ததை வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என்னிடம் இருப்பது டீசல் பிக்கப். செக் இன்ஜின் விளக்கு எரிந்தது, ஸ்கேன் செய்து நாக்ஸ் சென்சார் போய்விட்டது என்று மாற்றினார்கள். சில மாதத்தில் மறுபடியும் விளக்கு, மறுபடியும் புதுச் சென்சார். இப்போது மூன்றாவது முறையாக எரிகிறது. இந்தச் சென்சாரே இப்படித்தானா? ஒரேயடியாக இதை நிறுத்திவிட வழி உண்டா?

பதில்:

மூன்றாவது சென்சாரை இப்போதைக்கு வாங்காதீர்கள். முதலில் போனது வயதாகிப் போயிருக்கலாம். நாக்ஸ், அதாவது புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள், எவ்வளவு என்று அளக்கும் இந்தச் சென்சார் வண்டியின் ஆயுள் முழுக்க உழைக்கும் பாகம் இல்லை, புகைக்குள்ளேயே கிடந்து தேய்கிற சாமான். ஆனால் புதிதாகப் போட்டது சில மாதத்தில் போனால் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்றுதான் இருக்கும். சென்சார் கெடவே இல்லை, அது சொல்லும் புகாரைக் கேட்காமல் அதையே கழற்றி எறிந்துகொண்டிருக்கிறார்கள். அல்லது வண்டியில் வேறு ஏதோ ஒன்று, போடப்போட அதைக் கொன்றுகொண்டிருக்கிறது. போலிச் சரக்கு என்ற மூன்றாவது வாய்ப்பும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் உங்களுக்கு வேண்டியது ஸ்கேனர் காட்டும் கோளாறுக் கோடின் முழு எண். 'நாக்ஸ் கோடு' என்று பட்டறையில் சொல்வதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இந்த வண்டிகளில் நாக்ஸ் சென்சார் பொதுவாக இரண்டு இருக்கும். எஸ்சிஆர் என்கிற, யூரியா தெளித்துப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்டுக்கு முன்னால் ஒன்று, அதற்குப் பின்னால் சைலன்சர் பக்கம் ஒன்று. பி2200 என்றால் முன் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு. பி229ஈ என்றால் பின் சென்சாரின் சர்க்யூட். பி2201, பி229எஃப் இரண்டும் 'அளவு காட்டுகிறது, ஆனால் காட்டும் அளவு நம்பும்படி இல்லை' என்று ஈசியூ, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், சொல்வது. யு029டி, யு029ஈ வந்தால் சென்சாரோடு பேச்சே நின்றுபோய்விட்டது என்று பொருள், அதாவது வயர், கரன்ட், தகவல் லைன் பக்கம் பார்க்க வேண்டும். பி20ஈஈ வந்தால் அது சென்சாரைப் பற்றிய கோடே இல்லை. எஸ்சிஆர் வேண்டிய அளவுக்கு நாக்ஸைக் குறைக்கவில்லை என்கிற புகார் அது. பி207எஃப் என்றால் யூரியாவின் தரத்தில் சந்தேகம்.

பி20ஈஈ வந்த வண்டிக்குச் சென்சார் மாற்றுவது அடிக்கடி நடக்கிறது. மாற்றியதும் கோடை அழிக்கிறார்கள், விளக்கு அணைகிறது, ஈசியூ தன் சோதனையை மறுபடி முழுதாகச் செய்து முடிக்கும்வரை வண்டி ஒழுங்காக ஓடுவதுபோல இருக்கும். அப்புறம் விளக்கு திரும்ப வரும். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள், இங்கே அம்பைக் காசு கொடுத்து மாற்றிக்கொண்டே இருக்கிறோம். உங்களுக்கு இரண்டு முறையும் எழுதிய பில்லை எடுத்துப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே கோடுதானா, மாற்றியது முன் சென்சாரா பின் சென்சாரா என்பதே தெளிவாக இல்லாமல் இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

கோடோடு சேர்த்து ஃப்ரீஸ் ஃப்ரேமையும் படிக்கச் சொல்லுங்கள். கோடு பதிவான நொடியில் இன்ஜின் சூடு, வேகம், லோடு, ஸ்டார்ட் செய்து எவ்வளவு நேரம் ஆனது, பல வண்டிகளில் பேட்டரி வோல்டேஜ் உட்பட எல்லாம் அதில் இருக்கும். கோடை அழித்தால் இதுவும் அழிந்துவிடும். விளக்கு எரிந்ததும் ஒரு சின்னக் கருவியை வைத்து உடனே அழித்துவிடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் அதை நிறுத்துங்கள், துப்பைத் துடைத்துவிட்டுக் குற்றவாளியைத் தேட முடியாது. காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடத்தில் எப்போதும் வருகிறதா, நீண்ட ஏற்றத்தில் லோடோடு வருகிறதா, மழையிலோ தண்ணீரில் இறங்கிய பிறகோ வருகிறதா என்பது பாதி விடை.

இனி இந்தச் சென்சார் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சாகும் விதங்கள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. நுனியில் இருப்பது சிர்கோனியா என்கிற பீங்கான். அதற்குள் இரண்டு நுண்ணிய அறைகள். முதல் அறையில் புகையில் இருக்கும் ஆக்சிஜனை மின்சாரத்தால் உறிஞ்சி வெளியேற்றிவிடுகிறது. மிஞ்சிய வாயு இரண்டாவது அறைக்குப் போகிறது. அங்கே நைட்ரிக் ஆக்சைடு நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது, அந்த ஆக்சிஜனின் அளவை வைத்து நாக்ஸ் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று கணக்கிடுகிறது. இதில் ஓடும் கரன்ட் மிக மிகச் சிறியது, ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கும் அதற்குக் கீழேயும். அதனால்தான் நுனியும், அதோடு ஒட்டிய வயரும், அந்த வயரின் மறுமுனையில் இருக்கும் சின்ன எலக்ட்ரானிக் பெட்டியும் ஒரே சாமானாக, ஒன்றுக்கொன்று அளவு சரிசெய்து விற்கப்படுகின்றன. அந்த வயரை வெட்டி ஒட்டக் கூடாது. பெட்டி கணக்கிட்ட அளவை கேன் லைன் என்கிற இரண்டு வயர் தகவல் லைன் வழியாக ஈசியூவுக்கு அனுப்புகிறது.

இன்னொரு விஷயம், பீங்கான் தானாக வேலை செய்யாது. உள்ளே இருக்கும் ஹீட்டர் அதை 800 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் விரிசல் விழும். குளிர்ந்த சைலன்சர் குழாயில் தண்ணீர் தேங்கும் என்பது வண்டியை வடிவமைத்தவர்களுக்கும் தெரியும். அதனால் புகைக்குழாய் காய்ந்துவிட்டது என்று ஈசியூ முடிவு செய்த பிறகுதான் ஹீட்டருக்கு முழுச் சூடு கொடுக்கும். அதுவரை சென்சார் 'தயாரில்லை' என்று காட்டிக்கொண்டிருக்கும். அது கோளாறு இல்லை, ஆனால் ஸ்கேனரில் இதைப் பார்த்துச் சென்சார் செத்துவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு.

ஆக, சென்சாரைக் கொல்பவர்களில் முதல் ஆள் தண்ணீர். சின்னச் சின்ன ஓட்டங்களுக்கு மட்டும் வண்டியை எடுத்து, புகைக்குழாய் நன்றாகச் சூடாகும் முன் நிறுத்துகிறவர்களுக்கு உள்ளே ஈரம் சேர்ந்துகொண்டே போகும். மணிக்கணக்கில் ஐட்லிங்கில் நிற்கும் வண்டிகளும் இதே ரகம். சென்சார் படுத்த வாக்கிலோ, தலைகீழாகவோ பொருத்தப்பட்டிருந்தால் தண்ணீர் அதன் மேலேயே நிற்கும். குறைந்தது 10 டிகிரியாவது சாய்ந்து, நுனி கீழ்நோக்கி இருக்க வேண்டும். கம்பெனி வைத்த இடத்தில் இதைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் சைலன்சர் குழாயை யாராவது வெட்டி மாற்றியிருந்தால், சென்சார் உட்காரும் இடத்தைப் புதிதாக வெல்டு செய்திருந்தால், முதலில் அதைத்தான் பாருங்கள். அடிக்கடி பின்சக்கரம் முழுகத் தண்ணீரில் இறங்குகிற வண்டி என்றால் பின் சென்சார் சீக்கிரம் போவதில் வியப்பில்லை.

இரண்டாவது, கரியும் இன்ஜினிலிருந்து வரும் அழுக்கும். சென்சார் நுனியைச் சுற்றி ஓட்டை போட்ட உலோகக் கூடு இருக்கும், அந்த ஓட்டைகள் அடைத்தால் அளவு மந்தமாகும், தவறாகும். பழைய சென்சாரைக் கழற்றும்போது நுனியைப் பாருங்கள், அதற்காகவே பழையதைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். வறண்ட கரி மூடியிருந்தால் இன்ஜின் அதிகப் புகை விடுகிறது: இன்ஜெக்டர், டர்போ குழாய்க் கசிவு, புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு சிக்கிக்கொள்வது என்று தேட வேண்டும். பின் சென்சாரில் கரி இருந்தால் விஷயம் இன்னும் தெளிவு, ஏனென்றால் டிபிஎஃப் என்கிற புகை ஃபில்டர் கரியைப் பிடித்திருக்க வேண்டும். இன்ஜின் ஆறியிருக்கும்போது சைலன்சர் வாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். டிபிஎஃப் நன்றாக இருக்கும் வண்டியில் துணி கிட்டத்தட்ட சுத்தமாகவே வரும். கருப்பாக ஒட்டிக்கொண்டு வந்தால் ஃபில்டர் விரிசல் விட்டிருக்கலாம்.

நுனியில் வெள்ளைப் பூச்சு இருந்தால் அது எங்கே இருந்த சென்சார் என்பதைப் பொறுத்துச் சந்தேகம் மாறும். பின் சென்சாரில் வெள்ளை என்றால் யூரியா உப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். முன் சென்சாரில் வெள்ளை அல்லது சாம்பல் நிற மண் போன்ற பூச்சு என்றால் ஈஜிஆர் கூலரில் கூலன்ட் கசிகிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் டப்பாவில் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, வெளியே எங்கும் ஒழுகவில்லை என்றால் அது இன்ஜினுக்குள்ளேதான் எரிகிறது. கூலன்டில் இருக்கும் சிலிகேட்டும், இன்ஜின் வேலையின்போது கண்டபடி பூசும் சிலிகான் பேஸ்டும் இந்தப் பீங்கானுக்கு விஷம். இன்ஜின் ஆயில் எரிந்தாலும் அதில் இருக்கும் பாஸ்பரஸும் துத்தநாகமும் சாம்பலாகப் படியும். டிபிஎஃப் இருக்கும் வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். டின்னில் இருக்கும் தரக்குறிகளில் ஏசிஇஏ சி வகை, அல்லது ஏபிஐ சிகே-4 என்று வண்டிப் புத்தகத்தில் எது சொல்லியிருக்கிறதோ அது. டின்னில் 'டீசலுக்கு' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது.

மூன்றாவது, சூடும் வெல்டிங்கும். சென்சார் நுனி சூட்டில் இருக்கப் பிறந்தது, ஆனால் அதன் எலக்ட்ரானிக் பெட்டி அப்படி இல்லை. டிபிஎஃப் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும் நேரத்தில் உள்ளே 600 டிகிரியை ஒட்டிப் போகும். பெட்டியின் பிராக்கெட் உடைந்து குழாய்ப் பக்கம் சாய்ந்திருந்தாலும், ஹீட் ஷீல்டைக் கழற்றியவர் திரும்ப மாட்டாமல் விட்டிருந்தாலும் பெட்டி வெந்துபோகும். சென்சாரை மாற்றும்போது பிராக்கெட்டுக்குப் பதிலாக டேக் போட்டுக் கட்டிவிடுகிறார்கள், அதையும் கவனியுங்கள். பிக்கப்பில் இன்னொரு தனிப் பிரச்சினை: டிரெய்லர் கொக்கி, பின்பெட்டிக்குக் கம்பி, பம்பர் கார்டு என்று எதையாவது வெல்டு செய்துகொண்டே இருப்போம். பேட்டரியைக் கழற்றாமல், எர்த் கிளாம்பை எங்கோ மாட்டிவிட்டு வெல்டு செய்தால் அந்தக் கரன்ட் எந்த வழியாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. சென்சார் பெட்டியும் சேஸிஸில்தானே உட்கார்ந்திருக்கிறது. உங்கள் வண்டியில் வெல்டிங் நடந்த தேதியையும் சென்சார் போன தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான்காவது கரன்ட். நான் முதலில் கை வைப்பது பெரும்பாலும் இங்கேதான், ஏனென்றால் சோதிக்க அதிக நேரம் ஆகாது, ஆனாலும் யாரும் சோதிப்பதில்லை. ஹீட்டருக்கு நல்ல கரன்ட் வேண்டும். பேட்டரி தளர்ந்திருந்தாலோ, ஆல்டர்னேட்டர் ஏற்ற இறக்கமாகக் கொடுத்தாலோ, எர்த் பாயின்ட் துருப்பிடித்திருந்தாலோ ஹீட்டர் தேவையான சூட்டை எட்டாது. ஈசியூ 'சென்சார் சர்க்யூட் கோளாறு' என்று எழுதிவிடும். புதுச் சென்சார் போட்டால் கனெக்டரைக் கழற்றி மாட்டியதிலேயே துரு உரசிக் கொஞ்ச காலம் சரியாகும், அப்புறம் திரும்ப வரும். நீங்கள் சொல்வது இதே மாதிரி இருக்கிறது, அதனால்தான் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

சோதனை இப்படி. கனெக்டரைக் கழற்றி, பச்சைத் துரு, வளைந்த பின், ஈரம் இருக்கிறதா பாருங்கள். அடிப்பக்கத்தை உயர் அழுத்தத் தண்ணீரில் கழுவும் வண்டிகளில் ரப்பர் சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போயிருக்கும். பிறகு இக்னிஷனைப் போட்டு, வரும் வோல்டேஜை அளக்க வேண்டும். மீட்டரை மட்டும் வைத்து 12 வோல்ட் வருகிறது, சரி என்று போய்விடக் கூடாது. ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும் மீட்டர் முழு வோல்டேஜ் காட்டும். ஹெட்லைட் பல்பு ஒன்றை அந்த பவர் வயருக்கும் எர்த் வயருக்கும் நடுவில் கொடுத்து, எரியும்போது அளக்க வேண்டும். பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்டுக்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. பவர் பக்கத்தையும் எர்த் பக்கத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் தடை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். பல்பைக் கொடுப்பது இந்த இரண்டு வயருக்கு மட்டும்தான், கேன் வயர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

கேன் லைனுக்கு பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு வயருக்கும் நடுவே ஓம் அளந்தால் பொதுவாக 60ஐ ஒட்டி வர வேண்டும். இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் வரும் கணக்கு அது. 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது, பூஜ்யத்தை ஒட்டினால் எங்கோ இரண்டும் உரசுகின்றன. பின் சென்சாரின் வயர் நீளமாகச் சேஸிஸ் ஓரமாக வருவது. அது கிளிப் விட்டுத் தொங்கி, லீஃப் ஸ்பிரிங்கிலோ ஸ்பேர் டயரிலோ உரசும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஸ்கேனரில் லைவ் அளவை வைத்துக்கொண்டு ஒருவர் வயரை ஆங்காங்கே அசைத்தால், அளவு துள்ளும் இடம்தான் கோளாறு இருக்கும் இடம். இரண்டு சென்சாரும் ஒரே நேரத்தில் கோடு கொடுத்தால் இரண்டையும் மாற்றப் போகாதீர்கள். இரண்டும் பெரும்பாலும் ஒரே ஃப்யூஸில், ஒரே ரிலேயில், ஒரே எர்த்தில் இருக்கும். கூடுதல் லைட்டுக்கோ டிரெய்லர் பிளக்குக்கோ அந்த ஃப்யூஸிலிருந்து யாராவது கரன்ட் எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள், பிக்கப்பில் இது சர்வசாதாரணம்.

கரன்ட் சரி, வயர் சரி என்றால் சென்சார் உண்மை பேசுகிறதா என்று பார்க்கலாம். எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு, கழற்றாமல் ஓட்டத்திலேயே பார்க்கலாம். பல நாக்ஸ் சென்சார்கள் நாக்ஸோடு ஆக்சிஜன் அளவையும் அனுப்பும். வண்டி நன்றாகச் சூடான பிறகு, காலியான சாலையில் கியரிலேயே ஆக்சிலேட்டரிலிருந்து காலை முழுதாக எடுங்கள். டீசல் நின்றுவிடும், இன்ஜின் வெறும் காற்றைத்தான் தள்ளும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. சில நொடிகளில் இரண்டு சென்சாரும் அதை நெருங்கிக் காட்ட வேண்டும், நாக்ஸ் பூஜ்யத்தை நோக்கி இறங்க வேண்டும். ஒன்று 21ஐ நெருங்கி, மற்றது 17லோ 24லோ நின்றால் நிற்பதுதான் பொய் சொல்கிறது. இறங்குவதற்கு ஒன்று மட்டும் மிகவும் தாமதித்தால் அதன் ஓட்டைகள் அடைத்திருக்கின்றன. ஸ்கேனரைப் பார்க்க வேறொருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டிக்கொண்டே திரையைப் பார்ப்பது வேண்டாம்.

இன்ஜினிலிருந்து சென்சார் வரைக்கும் குழாயில் கசிவு இருக்கிறதா என்பதையும் இதோடு பார்த்துவிடுங்கள். கேஸ்கெட் போன இடத்திலும், குழாய் விரிசலிலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும், அளவு நீர்த்துப்போகும். சென்சாரில் குற்றமில்லை, ஆனால் கோடு அதன் பெயரில் வரும். கருப்புக் கோடாகக் கரி படிந்திருக்கும் இணைப்புகளைப் பார்த்தாலே தெரியும்.

இப்போது பி20ஈஈ விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கோடு அதுவாக இருந்தால் கதை முழுக்க யூரியாப் பக்கம். தெளித்த யூரியா சூட்டில் அமோனியாவாகி, நாக்ஸோடு சேர்ந்து நைட்ரஜனும் தண்ணீரும் ஆகிறது. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. நாக்ஸ் சென்சாருக்கு அமோனியாவுக்கும் நாக்ஸுக்கும் வித்தியாசம் தெரியாது. யூரியா இன்ஜெக்டர் சொட்டிக்கொண்டே இருந்து, மிஞ்சிய அமோனியா பின்னால் தப்பி வந்தால் பின் சென்சார் அதையும் நாக்ஸ் என்றே எண்ணிக் காட்டும். யூரியா அதிகமானதால் வந்த கோளாறு, யூரியா போதாததால் வந்ததுபோலத் தெரியும். இதைப் பிரித்துப் பார்க்காத ஈசியூ இன்னும் கொஞ்சம் தெளிக்கும். இந்தச் சுழலில் எத்தனை சென்சார் போட்டாலும் எண் மாறாது, ஏனென்றால் சென்சார் அதன் இயல்புப்படி சரியாகத்தான் வேலை செய்கிறது. சைலன்சர் வாயில் மூக்கை எரிக்கும் நெடி வந்தால் இது வலுவான சந்தேகம்.

யூரியா இன்ஜெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நுனியிலும் குழாய்க்குள்ளும் வெள்ளைக் கட்டி இருந்தால் வெதுவெதுப்பான சுத்தத் தண்ணீரில் கரையும், சுரண்ட வேண்டாம். யூரியாவின் தரத்தை, கரைசலின் செறிவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் சொட்டு விட்டுப் பார்க்கலாம். ஐஎஸ்ஓ 22241 தரப்படி யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும், 31.8 முதல் 33.2 வரை பொறுத்துக்கொள்ளலாம். வெயிலில் கிடந்த கேன் சீக்கிரம் கெடும்: 30 டிகிரிக்கு மேல் போகாமல் வைத்தால் 12 மாதம், 35 டிகிரி என்றால் 6 மாதம் என்பது சேமிப்புக் கணக்கு. வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறவர்கள் கேட்டலிஸ்டையே இழப்பார்கள், அந்த உரத்தில் இருக்கும் மற்ற உப்புகள் அங்கே போய் உட்காரும். கந்தகம் அதிகமுள்ள டீசலும் கேட்டலிஸ்டை மந்தமாக்கும். இவையெல்லாம் சரியாக இருந்து, முன் சென்சாரும் பின் சென்சாரும் ஆக்சிஜன் சோதனையில் தேறி, அப்போதும் நாக்ஸ் குறையவில்லை என்றால் கேட்டலிஸ்டின் காலம் முடிந்திருக்கலாம். அந்த முடிவுக்குக் கடைசியாகத்தான் வர வேண்டும்.

சரி, எல்லாம் பார்த்து, சென்சாரேதான் போயிருக்கிறது என்று உறுதியானால்? சாமானைப் பார்த்து வாங்குங்கள். உலகத்தில் இந்தச் சென்சாரை உண்மையில் செய்பவர்கள் மிகச் சிலர். கான்டினென்டல் (இந்தப் பிரிவு 2021இல் விடெஸ்கோ என்று தனியாகப் பிரிந்தது), பாஷ் போன்ற பெயர்கள்தான் பெரும்பாலான வண்டிக் கம்பெனிகளின் டப்பாவுக்குள்ளும் இருக்கும். பழைய எலக்ட்ரானிக் பெட்டியில் வேறு நுனியை ஒட்டிப் 'புதுசு' என்று விற்பவை சந்தையில் நிறைய. மேலே சொன்னபடி நுனியும் பெட்டியும் ஒன்றாக அளவு சரிசெய்யப்பட வேண்டியவை, ஒட்டுப்போட்டது சில மாதத்தில் வழி தவறும். உங்கள் இரண்டாவது சென்சார் இந்த ரகமா என்று பழையதன் லேபிளைப் பார்த்தால் ஊகிக்கலாம்: சுரண்டிய இடம், அழிந்த எண், பெட்டி வாயில் பசை. இன்னொன்று, லாரிகளுக்கான 24 வோல்ட் சென்சாரும் 12 வோல்ட் சென்சாரும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். முன் சென்சாரும் பின் சென்சாரும் அப்படித்தான், ஆனால் பல வண்டிகளில் கேன் லைனில் அவற்றின் முகவரி வேறு. அதனால் பார்ட் நம்பரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும், 'இது எல்லா வண்டிக்கும் வரும்' என்பதை நம்ப வேண்டாம்.

மாட்டும்போது நுனியை எதிலும் இடிக்கக் கூடாது, கீழே விழுந்ததை மாட்டக் கூடாது. திருகுமறையில் பசை தடவியே வரும், மேலும் தடவுவதாக இருந்தால் நுனிப்பக்கம் போகக் கூடாது. டார்க் பெரும்பாலும் 50 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும், உங்கள் வண்டிக்கான எண்ணை சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். பல வண்டிகளில் மாட்டிய பிறகு ஸ்கேனரில் பழைய சென்சாரின் கற்றுக்கொண்ட அளவுகளையும், எஸ்சிஆரில் எவ்வளவு அமோனியா இருக்கிறது என்ற கணக்கையும் ரீசெட் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் புதுச் சென்சார் பழையவனின் பாவத்தைச் சுமக்கும். ஈசியூவுக்கு ஏதாவது சாஃப்ட்வேர் அப்டேட் வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். இந்தச் சோதனைகளின் எல்லையை மிக இறுக்கமாக வைத்துவிட்டுப் பிறகு தளர்த்திய தயாரிப்பாளர்கள் உண்டு, அங்கே சாமான் மாற்றாமலே விஷயம் முடியும்.

இதைப் படிப்பவர்களில் சிலருக்கு வேறு சென்சார் பிரச்சினையாக இருக்கும். டிபிஎஃப் பிரஷர் சென்சார் அடிக்கடி போனால் சென்சாரைவிட அதன் இரண்டு ரப்பர் குழாயைப் பாருங்கள், வெடிப்பு, அடைப்பு, தண்ணீர் தேங்கும் வளைவு. புகைச் சூட்டுச் சென்சார் திரும்பத் திரும்ப எரிந்தால் டிபிஎஃப் ஏன் இவ்வளவு அடிக்கடி தன்னை எரித்துக்கொள்கிறது என்று கேளுங்கள். பெட்ரோல் பிக்கப்பில் ஆக்சிஜன் சென்சார் என்றால் மேலே சொன்ன கரன்ட், கசிவு, ஆயில், கூலன்ட் எல்லாம் அப்படியே பொருந்தும். பி0420 மட்டும் கேட்டலிஸ்டைப் பற்றிய புகார், பின் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினால் பெரும்பாலும் தீராது.

ஒரேயடியாக நிறுத்த முடியுமா என்று கேட்டீர்கள். ஈசியூவில் அந்தப் பகுதியை அழித்துத் தருகிறோம், போலி அளவு அனுப்பும் சின்னப் பெட்டி வைத்துத் தருகிறோம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். பெரும்பாலான நாடுகளில் சட்டப்படி குற்றம், வாரன்டி போகும், புகைச் சோதனையில் மாட்டும், விற்கும்போது விலை போகாது. அதைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது வேறு. கூலன்ட் கசிவோ, சொட்டும் இன்ஜெக்டரோ, விரிசல் விட்ட டிபிஎஃபோ உங்கள் வண்டியில் இருந்தால் அதைச் சொல்ல இனி யாரும் இருக்க மாட்டார்கள். அது இன்ஜினைப் பிடித்த பிறகுதான் தெரியும்.

அதே நேரம் விளக்கோடு மாதக்கணக்கில் ஓட்டவும் முடியாது. நாக்ஸ் கோளாறு நீடித்தால் பல வண்டிகள் கிலோமீட்டர் கணக்கு காட்டி எச்சரித்து, பிறகு வேகத்தைக் கட்டுப்படுத்தும், அல்லது நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அந்த எண் திரையில் வந்துவிட்டால் தூரப் பயணம் கிளம்ப வேண்டாம்.

பட்டறையில் பேசும்போது 'சென்சாரை மாற்றுங்கள்' என்று சொல்லாமல், 'எந்தச் சோதனையில் இது செத்தது என்று தெரிந்தது, அந்த அளவை எழுதிக் கொடுங்கள்' என்று கேளுங்கள். இரண்டாவது சென்சாருக்குத் தனி வாரன்டி இருக்கும், மாட்டிய தேதியும் கிலோமீட்டரும் பில்லில் இருந்தால் அதைக் கோரலாம். பல நாடுகளில் புகை தொடர்பான பாகங்களுக்கு வண்டியின் பொது வாரன்டியைவிட நீண்ட காலம் உண்டு, வண்டியோடு வந்த வாரன்டிப் புத்தகத்தில் அந்தப் பக்கம் தனியாக இருக்கும்.

வேலை முடிந்ததும் விளக்கு அணைந்ததை மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். ஸ்கேனரில் மானிட்டர் பக்கத்துக்கு, அதாவது ஈசியூ தானே செய்யும் சோதனைகளின் பட்டியலுக்கு, போய், எஸ்சிஆர், நாக்ஸ் சோதனை 'முடிந்தது' என்று காட்டுகிறதா பாருங்கள். கோடை அழித்தவுடன் அது 'முடியவில்லை' என்றுதான் இருக்கும். நன்றாகச் சூடாகி, ஒரே சீரான வேகத்தில் கொஞ்ச தூரம் ஓடினால்தான் ஈசியூ அந்தச் சோதனையைச் செய்யும், வண்டிக்கு வண்டி இது மாறும். பெண்டிங் கோடும் பாருங்கள். விளக்கு எரிவதற்கு முந்தைய கட்டம் அது, முதல் முறை தவறும்போதே பதிவாகிவிடும். மானிட்டர் முடிந்து, பெண்டிங் எதுவும் இல்லாமல், கால் எடுக்கும் சோதனையில் இரண்டு சென்சாரும் ஒன்றுபோலக் காட்டினால் பட்டறைப் பில்லைக் கட்டலாம். கோடு திரும்ப வந்தால் அழிக்காமல், ஃப்ரீஸ் ஃப்ரேமோடு, கோடின் முழு எண்ணையும் எழுதி அனுப்புங்கள்.